ஒரே படம், இரண்டு வயது: சூப்பர் ஹீரோ கதைகளைத் தடை செய்யலாமா?

முதலில் எனக்கு வந்த கடிதத்தின் சாரம்.

எழுதியவர் இரண்டு பிள்ளைகளின் தாய். மகளுக்கு 12 வயது. மகனுக்கு 7 நிறைய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. கணவர் சிறுவயது முதலே காமிக்ஸ் பிரியர். மார்வெல் படங்கள் அனைத்தையும் அவை வெளிவந்த வரிசையிலேயே, வார இறுதிகளில் குடும்பமாக உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட, அப்படியே நடந்துவந்திருக்கிறது. 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' பார்த்த இரவிலிருந்து மகன் தனியாகப் படுக்க மறுக்கிறான், "நான் தூளாப் போயிட்டா நீ என்னைத் தேடுவியாம்மா?" என்று கேட்கிறான். அடுத்த வாரம் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அலமாரி மேலிருந்து குதித்ததில் அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பள்ளியில் உடன் படிப்பவனைக் கீழே தள்ளிவிட்டு, "அவன்தான் வில்லன்" என்று விளக்கமும் சொல்லியிருக்கிறான்.

மிரண்டுபோன தாய், மனிதர்கள் நடிக்கும் படங்களை நிறுத்திவிட்டு, கார்ட்டூன் மட்டும் பார்க்கலாம் என்று அனுமதித்தார். ஒரு மாலை, பறக்கும் இளைஞனின் படம் போட்ட ஒரு கார்ட்டூனை மகன் தானே தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் கடைசிக் காட்சியில் தெறித்த இரத்தத்தைக் கண்டு அவரே கதிகலங்கிப் போனார். அது 'இன்வின்சிபிள்' தொடரின் முதல் பகுதி. அன்று முதல் அந்த வீட்டில் சூப்பர் ஹீரோ என்ற பேச்சுக்கே இடமில்லை. "தம்பி பயந்ததுக்கு எனக்கு எதுக்குத் தண்டனை?" என்று கேட்ட மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவரோ, "கதைன்னு அவனுக்குத் தெரியும், நாலு நாள்ல சரியாயிடும்" என்கிறார். முழுத் தடை சரிதானா, மகன் மனத்தில் ஏதேனும் ஆழமாகப் பதிந்துவிட்டதா, நல்லவன் வெல்லும் கதையில் எப்படிக் கெடுதல் வரும், தடையை நீக்கினால் எதைத்தான் பார்ப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகனிடம் நீங்கள் கண்ட மூன்று மாற்றங்களையும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகளாக எண்ணியிருக்கிறீர்கள். அவை வெவ்வேறு காரணங்களால் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் தீர்வும் வேறு. இரவுப் பயம் ஒரு குறிப்பிட்ட காட்சியிலிருந்து வந்தது. அலமாரியிலிருந்து குதித்தது அந்த வயதின் விளையாட்டு. "அவன்தான் வில்லன்" என்றது, கதை தந்த ஒரு வார்த்தையைச் சண்டைக்குச் சாக்காக எடுத்துக்கொண்டது. மூன்றுமே இந்த வயதில் நான் அடிக்கடி கேட்பவை. மனத்தில் நிலைத்துவிட்ட பாதிப்பு என்று எண்ணத்தக்க எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அதே சமயம், தானாகச் சரியாகிவிடும் என்று உங்கள் கணவர் கைகழுவுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கதை என்று தெரிந்தும் பயம் ஏன் வருகிறது?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. திரையில் தெரிபவர்கள் நடிகர்கள் என்பதும், கட்டடங்கள் நிஜமாக இடியவில்லை என்பதும் ஏழு வயதை நெருங்கும் குழந்தைக்குத் தெரியும். பகலில் கேட்டால் அவனே உங்களுக்கு விளக்குவான். ஆனால் அந்த அறிவைப் பயம் வரும் நேரத்தில் கைக்கெட்டும்படி வைத்துக்கொள்வது வேறு திறமை. அது வளர இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

இதை மிக அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு சூப்பர் ஹீரோவைப் பற்றியதே. 1970களின் இறுதியில் 'தி இன்க்ரெடிபிள் ஹல்க்' என்ற தொலைக்காட்சித் தொடர் குழந்தைகளிடையே பெரும் புகழ் பெற்றிருந்தது. சாதுவான ஒரு விஞ்ஞானி, ஆபத்து வரும்போது பச்சை நிறப் பூதம் போன்ற ஹல்க்காக மாறி, மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுவார். ஆய்வாளர்கள் ஜோன் கேன்டரும் க்ளென் ஸ்பார்க்ஸும் அதை வெவ்வேறு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பள்ளி வயதை எட்டிய பெரிய பிள்ளைகளுக்கு, ஹல்க் தோன்றியதும் பயம் தணிந்தது. உதவி வந்துவிட்டது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பள்ளியில் சேராத சிறு பிள்ளைகளுக்கோ, அந்த உருமாற்றத்துக்குப் பின்தான் பயம் உச்சத்துக்குப் போனது. அவன் நல்லவன் என்ற செய்தியைவிட, கிழியும் சட்டையும் பச்சைத் தோலும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தன. ஒரே அறையில் ஒரே காட்சியைப் பார்த்தும், உங்கள் மகளும் மகனும் பார்த்தது ஒரே படம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. உங்கள் மகன் இந்த இரு வயதுகளுக்கும் நடுவில் நிற்கிறான்; சில நாள் பெரியவனாகவும் சில நாள் சிறியவனாகவும் பார்ப்பான்.

இப்போது 'இன்ஃபினிட்டி வார்' படத்தின் முடிவை அவன் கண்ணால் பாருங்கள். உலகின் பாதி உயிர்கள் சாம்பல் தூளாக உதிர்கின்றன. அவனுக்கு மிகவும் பிடித்த, எல்லோரிலும் இளையவனான ஸ்பைடர்மேன், போக மனமில்லை என்று அழுதபடி, தன்னைக் காக்க வேண்டிய பெரியவரையே பற்றிக்கொண்டு மறைகிறான். அந்தப் பெரியவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. "நீ என்னைத் தேடுவியாம்மா?" என்ற கேள்வி அந்தக் காட்சியிலிருந்து நேராக வருகிறது. அவன் பயப்படுவது வில்லன் தானோஸுக்கு என்று நீங்கள் எண்ணியிருந்தால், பெரியவர் பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போவதுதான் அவனை உலுக்கியது என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கதை அங்கே முடியவில்லை என்பது உங்களுக்கும் கணவருக்கும் தெரிந்திருக்கும். 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில், தூளாகிப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள், ஸ்பைடர்மேனும் வருகிறான். நடுவில் தடை விழுந்துவிட்டதால், உங்கள் மகன் அறிந்த உலகில் அவன் இன்னும் தூளாகவே இருக்கிறான். அந்தச் செய்தியை இன்றே அவனுக்குச் சொல்லுங்கள். படத்தைப் போட்டுக் காட்ட வேண்டாம். அது மூன்று மணி நேரப் படம், அதில் வேறு முக்கியமான மரணங்கள் இருக்கின்றன. உங்கள் கணவர் மடியில் உட்காரவைத்து, யார் யார் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று கதையாகச் சொல்லட்டும். காமிக்ஸ் படித்து வளர்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. திரும்பி வராதவர்களைப் பற்றி மகன் கேட்டால் மறைக்காமல் சொல்லலாம். கேட்காவிட்டால் அதை விட்டுவிடலாம்.

"அதெல்லாம் பொய்டா கண்ணா" என்று சொல்லிச் சமாதானப்படுத்துவது இந்த வயதில் பெரிதாக எடுபடாது. பக்கத்தில் படுப்பது, சிறு விளக்கை எரிய விடுவது, அந்தக் காட்சியை வரையச் சொல்லி அதற்கு அவன் விரும்பும் முடிவைப் போடச் சொல்வது போன்றவை நன்றாகப் பலன் தரும். படம் எப்படி எடுக்கப்பட்டது என்று காட்டுவதும் உதவும். அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஃப்ரெட் ராஜர்ஸ், 1980-இல் ஒளிபரப்பான பகுதி ஒன்றில் ஹல்க் தொடரின் படப்பிடிப்புத் தளத்துக்கே போய், நடிகர் லூ ஃபெரிக்னோவின் முகத்தில் பச்சைச் சாயம் பூசப்படுவதைத் தன் சின்ன ரசிகர்களுக்குக் காட்டினார். இன்றைய படங்களுக்கும் அத்தகைய படப்பிடிப்புக் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பகல் வேளையில், நீங்கள் முன்னதாகப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் காட்டுங்கள்.

கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது என்ற எண்ணம்

இந்த எண்ணத்தை நீங்கள் கைவிட வேண்டும். வரைந்த படம் என்பது ஒரு தொழில்நுட்பம். யாருக்காக வரைந்தார்கள் என்பதை அது சொல்லாது. 2021-இல் தொடங்கிய 'இன்வின்சிபிள்' வயது வந்தவர்களுக்காகவே எடுக்கப்பட்டது. அதன் முதல் பகுதியில் நீங்கள் ஏமாந்தது உங்கள் கவனக்குறைவால் அன்று. ஏறக்குறைய முழு நேரமும் அது பள்ளி செல்லும் ஓர் இளைஞனுக்குச் சக்தி கிடைக்கும் கலகலப்பான கதையாகவே நடக்கிறது. பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கொடூரமான படுகொலை வருகிறது. அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பும் எந்தப் பெற்றோரும் அதில் ஏமாறுவார்கள்.

மனிதர்கள் நடித்த படங்களிலும் இதே சிக்கல் உண்டு. 'ஷசாம்!' (2019) படத்தின் விளம்பரத்தைப் பார்த்தால் சிறுவர்களுக்கான நகைச்சுவைப் படம் என்றே தோன்றும். பெருமளவுக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நடுவில், கூட்ட அறை ஒன்றுக்குள் அரக்கர்கள் புகுந்து அங்கிருப்பவர்களைக் கொல்லும் காட்சி, பெரியவர்களையே நெளியவைக்கும். 'டெட்பூல்', 'லோகன்', 'தி பாய்ஸ்' ஆகியவை வளர்ந்தவர்களுக்கு மட்டும் என்பதில் எவருக்கும் ஐயம் வேண்டாம். ஆடை அதேபோல் இருப்பதால் குழந்தைகள் அவற்றையும் தங்களுடையவை என்றே நினைத்துக் கேட்பார்கள்.

வயதுச் சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அது எதை அளக்கிறது என்று அறிந்து பார்க்க வேண்டும். 13 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்று எச்சரிக்கும் 'பி.ஜி.-13' என்ற வகை அமெரிக்காவில் 1984-இல் உருவானது. பெரும்பாலான சூப்பர் ஹீரோ படங்கள் இன்று அந்த வகையில்தான் வருகின்றன. 'இன்ஃபினிட்டி வார்' படமும் அப்படியே. தணிக்கையாளர்களுக்கும் இது எளிதான வேலை இல்லை. 2002-இல் 'ஸ்பைடர்மேன்' படத்துக்குப் பிரிட்டனில் 12 வயதுக்குட்பட்டோர் பார்க்கக் கூடாது என்று சான்று கொடுக்கப்பட்டபோது, பிள்ளைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதை எதிர்த்துக் குரல் எழுந்தது. சில உள்ளாட்சி மன்றங்கள் அந்தச் சான்றையே மீறிச் சிறுவர்களை அனுமதித்தன. அதே ஆண்டில், பெரியவர் துணையோடு சிறுவர்கள் பார்க்கலாம் என்னும் '12ஏ' வகை நடைமுறைக்கு வந்தது. அதாவது, முடிவெடுக்கும் பொறுப்பு பெற்றோர் கைக்கு மாறியது. சான்றிதழ் இரத்தம், வசைச்சொல், ஆபாசம், மிரட்டல் ஆகியவற்றை ஓரளவு எண்ணிச் சொல்லும். உங்கள் மகனை உலுக்கிய காட்சியில் இரத்தமே இல்லை. கைவிடப்படுவதும், கதை முடியாமல் நிற்பதும் எந்தச் சான்றிதழிலும் சரியாகப் பிடிபடுவதில்லை. அவற்றை அந்தக் குழந்தையை அறிந்தவர்தான் முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல முடியும்.

நல்லவன் வெல்வதைப் பார்த்தால் நல்ல குணம் வருமா?

நல்லவன் ஜெயிக்கும் கதை என்பதால் நன்மைதான் விளையும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தீர்கள். பள்ளியில் நடந்ததைக் கேட்டதும் தீமை மட்டுமே விளையும் என்று மாறிவிட்டீர்கள். இரண்டுமே மிகை.

அமெரிக்காவில் சாரா கோய்ன் என்ற ஆய்வாளர் குழுவினரோடு 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளைப் பற்றியது. சூப்பர் ஹீரோக்களில் மிகவும் ஊறியிருந்த குழந்தைகள் ஓராண்டு கழித்துச் சற்று அதிகமாக அடிதடியில் இறங்கினார்கள். ஆனால் பிறருக்கு உதவுவதிலோ, கேலி செய்யப்படும் குழந்தைக்குப் பரிந்து நிற்பதிலோ அவர்கள் மற்றவர்களைவிட முன்னே நிற்கவில்லை. இதற்குப் படம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. துறுதுறுப்பான பிள்ளைகள் இத்தகைய படங்களை நாடுவதும் உண்டு. ஆனாலும் காரணத்தை ஊகிப்பது கடினம் இல்லை. சண்டை இருபது நிமிடம் நடக்கிறது, சத்தமும் வண்ணமுமாக. நாயகன் ஏன் சண்டையிடத் தயங்கினான், யாரைக் காக்கப் போனான் என்பது இரண்டு வசனங்களில் முடிந்துவிடுகிறது. சிறு குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லவா வேண்டும்?

அதே 2017-இல் வந்த இன்னோர் ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டுகிறது. நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அலுப்பூட்டும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது; பக்கத்திலேயே விளையாட ஒரு ஐபேடும் வைக்கப்பட்டது. பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகத் தங்களை எண்ணிக்கொண்டு, "பேட்மேன் இப்போது கடினமாக உழைக்கிறாரா?" என்று தங்களையே கேட்டுக்கொண்ட பிள்ளைகள், மற்றவர்களைவிட நீண்ட நேரம் வேலையில் நிலைத்திருந்தார்கள். ஆராய்ச்சி உலகில் இதற்குப் 'பேட்மேன் விளைவு' என்றே பெயர். பெரியவர் ஒருவர் அந்தப் பாத்திரத்தின் எந்தக் குணத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கிறார் என்பதுதான் இங்கே வித்தியாசத்தை உண்டாக்கியது.

ஆகவே பள்ளியில் நடந்த தள்ளுமுள்ளுக்குப் படத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தள்ளியது தவறு என்று நேரடியாகச் சொல்லி, அந்தச் சிறுவனிடம் வருத்தம் தெரிவிக்கச் செய்யுங்கள். பிறகு விளையாட்டுக்குச் சில விதிகளை வையுங்கள். உயிருள்ள எவரையும் வில்லனாக நியமிக்கக் கூடாது; தலையணை வில்லனாகலாம், அப்பா தானாக முன்வந்தால் அவரும் ஆகலாம். யார் "போதும்" என்றாலும் ஆட்டம் அந்த நொடியே நிற்க வேண்டும். பறப்பது தரையில் நின்றபடி மட்டும்.

கடைசி விதியை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சூப்பர் ஹீரோ உடை அணிந்திருந்தபோது கடுமையாகக் காயமுற்ற ஐந்து குழந்தைகளைப் பற்றிப் பிரிட்டன் மருத்துவர்கள் 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தமக்கு அப்படிப்பட்ட சக்தி எதுவும் இல்லை என்பதை அந்தப் பிள்ளைகள் மருத்துவமனைக்கு வரும் வழியில் யோசித்துப் பார்க்க வேண்டியதாயிற்று என்று சற்றுக் குறும்போடு அதில் குறிப்பிட்டிருந்தார்கள். உங்கள் மகன் கணுக்காலோடு தப்பினான். மாடி ஜன்னல்களுக்குத் தாழ் இருக்கிறதா, அலமாரிகள் சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டும் துண்டு எங்காவது மாட்டினால் இறுக்கிவிடும். இழுத்தால் உடனே விட்டுவிடும் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுங்கள். துண்டைப் பிடுங்கி ஒளித்துவைத்தால், அவன் போர்வையை எடுத்துக்கொள்வான்.

தடை, தாராளம், இவற்றுக்கு நடுவே

முழுத் தடையில் உடனடி அமைதி கிடைக்கும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதிகம். பையில், சட்டையில், நண்பர்களின் பேச்சில் என்று எங்கும் இருக்கும் ஒன்றை வீட்டில் மட்டும் இல்லை என்று வைத்தால், மகன் அதை நண்பர்கள் வீட்டில் பார்ப்பான். பார்த்து மிரண்டால், தடை செய்யப்பட்டதைப் பார்த்தேன் என்று உங்களிடம் வந்து சொல்ல மாட்டான். பயந்த குழந்தை தாயிடம் ஓடி வரும் வழியை அடைத்துவிடுவது, எந்தப் படமும் செய்யக்கூடியதைவிடப் பெரிய கெடுதல். மறுபுறம், உங்கள் கணவரின் திட்டப்படி எல்லோரும் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பதில், படத்தைத் தீர்மானிப்பது வெளிவந்த தேதிதான். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வயது கணக்கிலேயே வரவில்லை.

உங்கள் மகளின் கேள்வி நியாயமானது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989), வயதுக்கேற்ற பொழுதுபோக்கும் கலை அனுபவமும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவை என்கிறது. தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும் தருகிறது. தம்பியின் பயத்துக்காக அவளிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தது சரியில்லை. அவளிடம் தடை நீங்கியது என்று நீங்களே நேரில் சொல்லுங்கள். தம்பி உறங்கிய பிறகு, அல்லது அவன் வெளியே போயிருக்கும்போது, அப்பாவும் மகளும் அந்த வரிசையைத் தொடரட்டும். கூடத்தில் அவன் இருக்கும்போது அவனுக்கும் ஏற்ற படம்தான் ஓடும் என்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு இந்த நியாயம் புரியும். மகனுக்கும் ஓர் உரிமை கொடுங்கள். எந்த நேரத்திலும் ரிமோட்டை எடுத்து நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லக் கூடாது.

இன்னொரு சிறு வேலை. நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ, டிஸ்னி பிளஸ் ஆகியவற்றில் மகனுக்கென்று தனியாகக் குழந்தைகள் ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, பெரியவர்களுடையதற்கு ரகசிய எண் போடுங்கள். அடுத்த பகுதி தானாக ஓடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். உங்கள் ப்ரொஃபைலிலேயே அவனும் பார்த்தால், நீங்களும் கணவரும் பார்ப்பதற்கேற்ற பரிந்துரைகள் அவன் கண்முன் வந்துகொண்டேயிருக்கும்; 'இன்வின்சிபிள்' அப்படித்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

எதைப் பார்க்கலாம்?

மகனுக்கு முதலில் நான் சொல்வது 'தி லெகோ பேட்மேன் மூவி' (2017). உலகைக் காக்கும் பேட்மேன் வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிடுகிறான், தனியாகப் படம் பார்த்துச் சிரிக்கிறான். மீண்டும் ஒரு குடும்பத்தில் ஒருவனாக இருப்பதுதான் அவனுடைய மிகப் பெரிய பயம் என்பது கதை. பயப்படும் சூப்பர் ஹீரோவைப் பார்த்துச் சிரிப்பது உங்கள் மகனுக்கு இப்போது நல்லது. வேகமும் சத்தமும் கொஞ்சம் அதிகம் என்பதால், பகலில், இரண்டு அமர்வுகளாகப் பிரித்துக் காட்டுங்கள். சிறு கதைகளாக வேண்டுமென்றால் 'பிஜே மாஸ்க்ஸ்', 'ஸ்பைடி அண்ட் ஹிஸ் அமேசிங் ஃப்ரெண்ட்ஸ்' போன்ற தொடர்கள் இருக்கின்றன. "அது சின்னப் பசங்களுக்கு" என்று அவன் முகம் சுளித்தால் வற்புறுத்த வேண்டாம்.

சில மாதங்கள் கழித்து, பயம் முழுதும் தணிந்த பின், 'தி அயர்ன் ஜயன்ட்' (1999). ஆயுதமாகவே செய்யப்பட்ட ஒரு பிரம்மாண்ட இயந்திரம், ஒரு சிறுவனிடம் கிடைக்கும் சூப்பர்மேன் காமிக்ஸைப் பார்த்து, தானும் அப்படி ஆக விரும்புகிறது. வேட்டைக்காரர்கள் சுட்ட மானை அது குனிந்து பார்க்கும் காட்சியில், மரணம் என்றால் என்ன என்ற கேள்வி எழும். அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். கடைசியில் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஆனால் படம் முடியும் முன்பே, உடைந்த பாகங்கள் ஒவ்வொன்றாக ஒன்றுகூடப் புறப்படுகின்றன. தூளாகிப் போவதைப் பார்த்துப் பயந்த பிள்ளைக்கு இது பொருத்தமான படம் என்பது என் கணிப்பு. இந்த வகையில் ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே இயக்குநர் பிராட் பேர்டின் 'தி இன்க்ரெடிபிள்ஸ்' (2004) குடும்பம் முழுவதும் சேர்ந்து பார்க்க மிக ஏற்றது. ஆனால் எல்லோரும் நினைப்பது போல மெல்லிய படம் இல்லை. தாயும் பிள்ளைகளும் இருக்கும் விமானத்தை ஏவுகணைகள் துரத்துகின்றன. பிறகு அந்தத் தாய், இந்தக் கெட்டவர்கள் கார்ட்டூனில் வருபவர்களைப் போன்றவர்கள் அல்லர், குழந்தைகள் என்று பார்க்காமல் கொல்வார்கள் என்று தன் பிள்ளைகளிடம் எச்சரிக்கிறாள். உங்கள் மகனுக்கு எட்டு வயது ஆகட்டும். 2018-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வேகமாக மின்னி மின்னி மறையும் ஒளிக்காட்சிகள் உண்டு. திரையரங்குகளிலேயே எச்சரிக்கை வைத்தார்கள். வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு அதைக் காட்டக் கூடாது.

'பிக் ஹீரோ 6' (2014) அன்பான படம். காற்று நிரப்பிய மருத்துவ இயந்திரம் பேமேக்ஸைப் பிடிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. எனினும் அதன் தொடக்கத்திலேயே நாயகனின் அண்ணன் தீயில் இறந்துவிடுகிறான். இழப்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். உங்கள் மகளுக்கு அதைத் தயங்காமல் கொடுக்கலாம். கோபத்தில் நாயகன் பேமேக்ஸின் மருத்துவ அட்டையைப் பிடுங்கிவிட்டு, கொல்லும்படி ஏவும் இடம் அவளுக்கு நிறைய யோசிக்கத் தரும்.

அவளுக்கு 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) அவசியம். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. அதன் அடுத்த பாகம் (2023) கதையைப் பாதியில் நிறுத்திவிடும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். 1992-இல் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' இப்போதும் சலிக்காது. அதில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லன், நோயுற்ற தன் மனைவியை இழந்த துயரத்திலிருந்து பிறந்தவன். கெட்டவனுக்கும் ஒரு காரணம் உண்டு என்பதை ரசிக்கும் வயது அவளுடையது. 'பிளாக் பாந்தர்' (2018) பார்த்த பிறகு, வில்லன் கில்மாங்கர் கேட்ட கேள்வி சரிதானா, அவன் தேர்ந்த வழி சரிதானா என்று அப்பாவும் மகளும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். 'தி டார்க் நைட்' (2008) நல்ல படம்தான். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் போகட்டும்.

இனி இரவுப் பயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னபடி செய்தால் ஓரிரு வாரங்களில் அது தணியத் தொடங்க வேண்டும். அவன் அறையில் அவன் உறங்கும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு வாசலுக்கு நகர்ந்து, பிறகு அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்து என்று கொஞ்சம் கொஞ்சமாக விலகி வாருங்கள். உங்கள் படுக்கைக்கு அவனை நிரந்தரமாக மாற்றிவிட வேண்டாம். ஒரு மாதத்துக்குப் பிறகும் பயம் குறையாமல் இருந்தாலோ, பகலிலும் உங்களைவிட்டு அகல மறுத்தாலோ, பள்ளிக்குப் போக அழுதாலோ, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்பினாலோ, படத்தோடு தொடர்பில்லாமல் சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலோ, குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் நேரில் அழைத்துச் செல்லுங்கள். கடிதத்தில் வராத ஏதேனும் ஒன்று, வீட்டில் அண்மையில் நேர்ந்த ஒரு மரணமோ பள்ளியில் யாரோ மிரட்டுவதோ, அந்தக் காட்சியின் வழியாக வெளியே வந்திருக்கக்கூடும். அதை நேரில் பேசித்தான் கண்டுபிடிக்க முடியும். அப்போது உங்கள் கணவரும் உடன் வரட்டும்.